முதலில் மன்னித்தவள்

இந்த ஊரில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே திட்ட மாட்டார்கள். போலீஸ்காரர் நீங்கள், அதுவும் மினசோட்டாக்காரர், உங்களுக்குத் தெரியாததா. இடித்த காரிலிருந்து இறங்கி வருபவனிடம் இடிபட்டவன் மன்னிப்புக் கேட்பான். நல்ல குணம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அக்டோபரில் யாராவது ஒருவர் வெர்லினைப் பிடித்து உலுக்கிக் கத்தியிருந்தால், அவரும் திருப்பிக் கத்தியிருப்பார். இன்று உயிரோடு இருந்திருப்பார்.

வெளியே நடைவழியில் அவர் மனைவி ஆர்லிஸ் உட்கார்ந்திருக்கிறார். என் ஆராய்ச்சிக் குரங்குகளைச் சாகவிட்டது தன் கணவர்தானா என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிய வேண்டும். நியாயமான கேள்வி. சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

குற்ற உணர்ச்சி மனிதனுக்கு எங்கிருந்து வந்தது என்று ஆராய்வது என் தொழில். கூட்டமாக வாழும் பிராணியைக் கூட்டம் விரட்டிவிட்டால் அது செத்தது. விரட்டுவதற்கு முன்பே தானாகக் குனிந்து, தன் தீனியைக் கொடுத்து, சமாதானத்துக்கு வருகிற பிராணி பிழைத்தது. பிழைத்தவற்றின் பிள்ளைகள்தான் நாம். வயிற்றைப் பிசைகிறதே, அது அந்தப் பழைய பயம்தான் என்பது என் கட்சி. அதன் வேரை என் குரங்குகளிடம் வருஷக்கணக்காகத் தேடினேன். திருடித் தின்றுவிட்டு மடியில் ஏறி உட்காருமே தவிர, ஒன்றும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

குரங்குகளைப் பார்த்துக்கொண்டவர் வெர்லின். அறுபது வயது, வாய் ஓயாது. "டாக்டர், உங்க குரங்கை விடுங்க. என் மச்சான் என்கிட்ட வாங்கின படகைப் பாறையில மோதிட்டு, அதுல பிடிச்ச மீனை எனக்கே விக்க வந்தான். அவனுக்கே வராதது இதுகளுக்கா வரப்போகுது?" என்பார். அவர் சிரித்தால் கொட்டகையே சிரிக்கும். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

அக்டோபர் கடைசியில் ஒருநாள் நல்ல வெயில். குரங்குகள் வெளிக்கூண்டில் விளையாடிக்கொண்டிருந்தன. வெளிக்கூண்டுக்கும் சூடேற்றிய உள்ளறைக்கும் நடுவே ஒரு இழுப்புக் கதவு. உள்ளே கழுவும்போது வெர்லின் அதைச் சாத்துவார், முடிந்ததும் திறந்துவிடுவார். குளிர ஆரம்பித்தால் அவை தாமாக உள்ளே வந்துவிடும். அன்று பேரனின் ஹாக்கி ஆட்டம் என்று அவசரமாகக் கழுவிவிட்டுக் கிளம்பினார். ராத்திரி ஏரியிலிருந்து காற்றும் பனிமழையும் அடித்தன. காலையில் கதவு சாத்தியிருந்தது. குரங்குகள் அதன் வெளிப்பக்கம் ஒன்றை ஒன்று கட்டிக்கொண்டு விறைத்துக் கிடந்தன. குரங்குகளில் கிழவியான மேபல் குட்டியை வயிற்றுக்கடியில் வைத்திருந்தாள்.

வெர்லின் என்னைப் பார்த்தார். "நான் தெறந்துட்டுத்தானே போனேன் டாக்டர்? தெறந்திருப்பேனே?"

அவர் திறந்துவிட்டுத்தான் போனார். சாயங்காலம் ஒரு குரங்கை மட்டும் உள்ளே தனியாக வைத்துச் சோதிக்க நான் கதவைச் சாத்தினேன். குரங்கைப் பிடித்து உள்ளே கொண்டுவருவதற்குள் போன் வந்தது. பேசிக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டேன். பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என்ன வந்தது தெரியுமா?

"விடுங்க வெர்லின். யாருக்கும் நடக்கிறதுதான்."

அவ்வளவுதான். எல்லோரும் வரிசையாக வந்து அவர் தோளைத் தட்டினார்கள். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, மன்னித்துவிட்டார்கள். மன்னித்த பிறகு யார் விசாரிப்பார்கள்?

அதன் பிறகு வெர்லின் சிரிக்கவில்லை. எல்லார் வீட்டு வாசலிலும் பனியை வாரிப்போட்டார். தான் புகை போட்ட மீனைக் காகிதத்தில் சுற்றி எங்கள் மேஜைகளில் வைத்தார். நான் குரங்குகளிடம் தேடியது எல்லாம் இந்த மனிதரிடம், எதுவுமே செய்யாத மனிதரிடம், அப்படியே வந்து நின்றது. குற்றமே தேவையில்லை, கூட்டம் நம்பினால் போதும் போலிருக்கிறது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

அவர் கொஞ்சம் தேறி வருவதுபோல் தெரிந்தால், "இன்னைக்கு மேபல் ஞாபகம் வந்துச்சு" என்பேன். அவ்வளவுதான் சொல்வேன். முகம் உடனே கவிழ்ந்துவிடும். பழுது பார்க்கிற கர்ட் ஒருநாள், "அந்தக் கதவு தானா சறுக்கிச் சாத்திக்கிட்டிருக்குமோ? கழட்டிப் பாக்கட்டுமா?" என்று கேட்டான். வெர்லின் நிமிர்ந்தார். பல வாரங்களுக்குப் பிறகு அப்போதுதான் அவர் கண்ணில் உயிரைப் பார்த்தேன். "நான் பாத்துட்டேன் கர்ட். கதவு நல்லாத்தான் இருக்கு" என்றேன். அது பொய்யில்லை, கதவு நன்றாகத்தான் இருந்தது.

பிறகு அவருக்கு ஞாபகமே வந்துவிட்டது. "இடது கையில வாளி இருந்துச்சு டாக்டர். வலது கையால இழுத்துச் சாத்தினேன். கைப்பிடி சில்லுன்னு இருந்துச்சு. அப்புறம் தெறக்கல. இப்ப நல்லாத் தெரியுது" என்றார். மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னேன். சொன்னார். அதே வாளி, அதே சில்லிப்பு. இல்லாத ஒன்று ஒரு மனிதனுக்குள் இவ்வளவு தெளிவாக முளைத்ததை அதுவரை யாரும் இத்தனை கிட்டத்தில் பார்த்திருக்க மாட்டார்கள்.

சொல்லிவிடலாம் என்று பல தடவை காரில் அவர் வீட்டு வாசல்வரை போனேன். ஆர்லிஸ் ஓடி வந்து காப்பி கொடுப்பார். "உங்ககிட்ட பேசினாத்தான் இவருக்குக் கொஞ்சம் ஆறுதல்" என்பார். அப்புறம் எங்கே சொல்வது? ஆறுதல்தான் சொல்லிவிட்டு வருவேன், அவர் இன்னும் கொஞ்சம் சுருங்குவார்.

பிப்ரவரியில் ஒரு காலை கர்ட் அவரைக் கண்டெடுத்தான். வெளிக்கூண்டில், கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடி விறைத்துப்போயிருந்தார். மேல்கோட்டை மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தார்.

என் வயிற்றில் ஏதாவது பிசையும் என்று காத்திருந்தேன். வரவில்லை. என்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை, அந்தப் பழைய பயம் வருவதற்கு என்ன அவசியம்? வராததை நான் எப்படி வரவழைப்பது? ஆகவே ஆர்லிஸிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். கதவைச் சாத்தியது நான். அவரைச் சாகவிட்டதும் நான்தான்.

அடக்கத்துக்குப் பிறகு தேவாலயத்தின் கீழறையில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தபோது ஆர்லிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு டாக்டர். அவரை நீங்க மன்னிச்சிட்டீங்களா? மனசாரச் சொல்லுங்க."

"எப்பவோ மன்னிச்சிட்டேன் ஆர்லிஸ்" என்றேன்.

மனசாரத்தான் சொன்னேன். நீங்கள் அதை மட்டும் தயவுசெய்து சந்தேகப்படாதீர்கள்.