புழுப் பார்சல் பஞ்சாயத்து

— இளமதி, அக்கா பொண்ணுங்கறதுக்காக நான் வளைஞ்சி குடுக்கமாட்டேன். மீன் வளக்குறவங்க குரூப்புக்கு நான் அட்மின். மூணு புகார் உறுதியானா உன் பேரைத் தூக்கிடணும். ரூல்னா ரூல்.

— அய்யோ மாமா, வளையவே வேணாம். நிமிந்து நின்னு ரெண்டு பக்கமும் கேளுங்க, போதும். சொந்தக்காரின்னு யாராச்சும் பேசிடுவாங்களோன்னு பயந்துக்கிட்டு எனக்குன்னா மட்டும் கத்தியத் தீட்டுறீங்க. இந்த குரூப்ப நம்பித்தான் கடலூர்ல மாடி பூரா புழு வளக்குறேன். நீங்க வெளிய தள்ளிட்டா எங்கிட்ட எவன் வாங்குவான்?

— அதெல்லாம் அப்புறம். சபேசன் சார், சிதம்பரத்துல உங்களுக்கு நாங்க பேசுறது கேக்குதா? வீடியோவுல மூஞ்சி தெரியுது. சொல்லுங்க.

— நல்லா கேக்குது சுப்பராயலு சார். நியாயமாப் பாருங்க, அவ்ளோதான் கேக்குறேன். எங்க வீட்டு அரவானா மீனு, ராஜான்னு பேரு, அவனுக்குத்தான் இந்தப் பொண்ணுகிட்ட உயிர்ப்புழு வாங்குறேன். மொத தடவ டப்பா பாதி காலி. ரெண்டாவது தடவ ராஜா புழுவ வாயில வாங்கி வாங்கித் துப்புறான். இந்தத் தடவ எல்லாமே செத்துப்போச்சி. வெள்ளை வெளேர்னு சுருண்டு கெடந்துச்சி. ஒண்ணுகூட அசையல.

— வெள்ளையாவா சார்? செத்த புழு கறுத்துல்ல போவும்!

— குறுக்கப் பேசாத இளமதி. நான் விசாரிக்கிறேன்ல?

— எங்க மாமா விசாரிக்கிறீங்க, தலையத்தானே ஆட்டுறீங்க. சார், பார்சல் உங்க கைக்கு ஒடனே வந்துச்சா?

— அது லேட்டுதாம்மா. தேர் ஓடுன வாரம் பாரு, வீதியில வண்டியே விடல. கூரியர்காரரு எங்க கீழவீதிக்குள்ள வர முடியாம ஆபீஸ்லயே வச்சிட்டாரு. நானும் வடம் புடிக்கப் போனவன் அப்படியே மறந்துட்டேன். எல்லாம் முடிஞ்சப்புறம்தான் போய் வாங்கியாந்தேன்.

— கேட்டீங்களா மாமா? ஜாஸ்தி நாள் தவிட்டுக்குள்ள கெடந்தா புழு கூட்டுப்புழுவா மாறிடும். வெள்ளையா, சுருண்டு, அசையாமத்தான் கெடக்கும். அது தூங்குது, செத்துப்போவல.

— கதை நல்லாத்தான் இருக்கு. சாட்சி வேணும்ல? சபேசன் சார், செத்தத எல்லாம் எங்க போட்டீங்க?

— எங்க வீட்டுக்காரி தாட்சாயிணி வாங்கிட்டுப் போயிட்டா சார். அவ பொறந்த ஊரு வடலூரு. எறும்பு போனாக்கூட ஒதுங்கி வழி விடுவா. குப்பையில போடாதீங்க, பாவம், நான் பாத்துக்குறேன்னா. ஏ தாட்சாயிணி! அந்தப் புழுவெல்லாம் எங்க பொதைச்ச?

— பொதைக்க மனசு வரலீங்க. பழைய பிஸ்கட் டின்னுல தவிடு போட்டுப் படுக்க வச்சிருக்கேன்.

— அந்த டின்ன இப்பவே கேமரா முன்னாடி தெறக்கச் சொல்லுங்க சார். ரூல்னா ரூல்.

— இதோ தெறக்குறேங்க... அம்மாடி! ஏங்க, இங்க வந்து பாருங்க! எல்லாம் கால் மொளைச்சி நடக்குது!

— வண்டு மாமா, வண்டு! கூட்ட விட்டு வெளிய வந்துடுச்சி! என் புழு ஒண்ணுகூடச் சாவல!

— கத்தாத, எனக்கும் கண்ணு இருக்கு. சரி, மூணாவது புகார் தள்ளுபடி. தேர் ஓடுனதுக்கு யாரக் கேக்குறது? ஆனா சபேசன் சார், டின்னு ஓரத்துல புழு வேற நெளியுதே, அது எங்கேருந்து வந்துச்சி?

— அத நான் சொல்றேங்க. மொத டப்பா வந்தப்ப, மீனுக்குப் போடப் போறாங்களேன்னு மனசு கேக்கல. ஒரு கை அள்ளி வச்சேன். அப்பறம் இன்னொரு கை. கேரட்டு நறுக்கிப் போட்டா என்னமாத் தின்னுதுங்க தெரியுமா, பாவம்.

— நீயா அள்ளுன? டப்பா பாதி காலின்னு அந்தப் பொண்ண என்னா பேச்சு பேசிட்டேன் நான்!

— மொதப் புகாரும் போச்சி மாமா!

— போச்சி. ரெண்டாவது நிக்கிதே! மீனு துப்புதுன்னா புழுவுல ஏதோ கோளாறு இருக்கணும். அதையும் அழிச்சிட்டா அக்கா பொண்ணுக்கு முட்டுக் குடுத்தான்னுதான் சொல்லுவாங்க. உன் புழு தரமில்லன்னு குரூப்புல போட்டுத்தான் ஆவணும்.

— தரமில்லன்னு போட்டுட்டா பேரத் தூக்குன மாதிரிதானே மாமா? நான் பாத்துப் பாத்து வளக்குறேன் மாமா. நல்ல புழு மாமா அது.

— சபேசன் சார், நீங்க என்ன சொல்றீங்க? போட்டுடட்டுமா?

— கஷ்டமாத்தான் இருக்கு சார். ஆனா நியாயமாப் பாருங்க, அவன் துப்புனத என் கண்ணால பாத்தேன். நல்ல புழுன்னா பசிச்ச மீனு எதுக்கு சார் துப்பணும்?

— ஏங்க, போட வேணாம்னு சொல்லுங்க! அந்தப் பொண்ணு அழுவுது பாருங்க. நீங்க கடைக்குக் கெளம்புன ஒடனே தெனமும் நான்தான் ராஜாவுக்கு இட்லி பிட்டுப் போடுறேன். வயிறு முட்ட இட்லி தின்னுட்டுக் கெடக்குறவன் சாயங்காலம் நீங்க நீட்டுற புழுவ எப்பிடிங்க தின்னுவான்? ராஜா எப்பவோ சைவமாயிட்டாங்க.