அன்னபாக்கியம் அம்மையார் அள்ளிய தண்ணீர்

மதிப்புக்குரிய தலைவர் பரமலிங்கம் அவர்களே, நிர்வாகசபையினரே, இந்த இல்லத்தில் வாழும் முதியவர்களே, ஊரவர்களே, வேலிக்கு வெளியே நிற்கும் பணியாளர் இலட்சுமி அவர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் இன்று காலைத் தபாலில் வந்த செய்தி. இம்மாதம், 1964 மார்ச் முப்பத்தோராம் திகதிக்குள், முதியோரைப் பராமரிக்கும் பணியாளர் மூவர் இங்கே வேலையில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அவர்களின் சம்பளத்துக்கான மானியம் ஏப்ரல் முதல் வேறு மாவட்டத்துக்குப் போகும். கொழும்பிலிருந்து வந்த கடிதம் இது. இல்லத்தின் எழுதுவினைஞர் யோகநாதன், பத்திரிகை நிருபரான எனக்குக் காட்டினார். இரண்டு முறை வாசித்தேன். இன்று வேலையில் இருப்பவர் ஒரேயொருவர்.

இதை இரங்கல் கூட்டத்தில் சொல்லலாமா என்று முன்வரிசையில் முணுமுணுப்புக் கேட்கிறது. வேறு எங்கே சொல்வது? அந்த மானியத்தை மாங்குளத்துக்குக் கொண்டுவந்தவர் அல்லவா அன்னபாக்கியம் அம்மையார்! இந்த இல்லத்தின் மேற்பார்வையாளராக ஒன்பது வருடம் இருந்தவர். பதினான்கு கடிதம் எழுதினார். மூன்று தரம் ரயிலேறிக் கொழும்புக்குப் போனார். "தம்பி, கட்டிடம் கேட்டால் எல்லாரும் தருவினம். பேர் பொறிக்கலாம். கழுவுற கைக்கு ஆர் தருவினம்?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். இங்கே இருபத்தாறு முதியவர்கள். அதில் ஒன்பது பேர் பாயைவிட்டு எழும்பமாட்டார்கள். அவர்களைக் கழுவ, திருப்ப, ஊட்ட, அவர் மூன்று பேரைக் கேட்டார். 1962 தையில் மூன்று பேருக்கும் சம்பளம் கிடைத்தது.

அன்றிலிருந்து இன்றுவரை பதினொரு பெண்கள் வேலைக்கு வந்தார்கள். பத்துப் பேர் போய்விட்டார்கள். ஏன் போனார்கள்? நிர்வாகசபைக் குறிப்பில் பத்துத் தரமும் "சொந்தக் காரணம்" என்று எழுதியிருக்கிறது. பத்துப் பேருக்கும் ஒரே சொந்தக் காரணமா! கடந்த ஒரு வாரத்தில் அவர்களில் எட்டுப் பேரை வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் தேடிக் கண்டேன். ஒருவர் கலியாணம் முடித்துப் போனவர். மற்ற ஏழு பேரும் சொன்ன காரணம் கிணறு.

ஆம், இந்த இல்லத்துக் கிணறு. அந்தப் பெண்கள் முதியவரின் மலத்தைத் துடைக்கலாம், புண்ணைக் கழுவலாம், சோறு ஊட்டலாம். ஆனால் சாதி குறைவென்று, தண்ணீர் இழுக்கும் துலாவில் கைவைக்கக் கூடாது. இதுதான் இந்தச் சபையின் கட்டளை. தண்ணீர் தேவையென்றால் குசினியில் சமைப்பவர்கள் யாராவது வந்து அள்ளி ஊற்றும்வரை வெறும் வாளியோடு தள்ளி நிற்கவேண்டும். ஒருநாளில் எத்தனை தரம் நிற்பது? யாழ்ப்பாணத்திலிருந்து காணிக்காக இந்தக் காட்டுக்கு வந்தோம். பாயையும் பானையையும் கொண்டுவந்தோம். இதையுமா கட்டிக்கொண்டு வரவேண்டும்?

அம்மையார் இதைச் சபையில் கேட்டார். நான் அங்கே இருந்தேன்.

"தலைவர், உங்கடை பெரியப்பாவின்ரை முதுகை அவள் கழுவலாம். வாளியைத் தொடக்கூடாதோ?"

"அக்கா, சனம் என்ன சொல்லும்? கிணறு எல்லாருக்கும் பொது."

"எல்லாருக்கும் பொது எண்டால் அவளுக்கு மட்டும் ஏன் இல்லை?"

"நீங்கள் உதிலை தலையிடாதேங்கோ."

தலைவர் அவர்களே, இவை உங்கள் வார்த்தைகள். பிழையென்றால் இப்போதே திருத்துங்கள்.

கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். நன்றி.

அடுத்தநாள் தொடக்கம் அம்மையாரே தண்ணீர் அள்ளினார். வயது ஐம்பத்தெட்டு. பணியாளர்கள் போய்விடக்கூடாது என்பதற்காக மேற்பார்வையாளர் துலா இழுத்தார்! ஒருநாள் பின்னேரம் எண்ணினேன். விளக்கு வைக்கும் முன் முப்பத்தொரு வாளி. "இதென்ன அக்கா?" என்றேன். "இலட்சுமி நிக்கவேணும், தம்பி. அவள் நிக்கிறதுக்கு இதுதான் வழி எண்டால் அள்ளுறன்" என்றார். உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது.

நம்முடைய வீரகத்தியர் அதோ கட்டிலில் இருக்கிறார். இலட்சுமி வந்த முதல்நாள், "அவளின்ரை கையாலை நான் சாப்பிடன்!" என்று கோப்பையை எறிந்தவர். அம்மையார் கோப்பையை எடுத்துவைத்து, "அப்ப பசியோடை கிடவுங்கோ, அண்ணை. நானும் கொஞ்சம் கால் ஆறுவன்" என்றார். மூன்றாம் வாரம் நான் போனபோது வீரகத்தியர் கத்திக்கொண்டிருந்தார்: "இலட்சுமி எங்கை? இந்த மனிசி திருப்பினால் எனக்கு எலும்பு நோகுது!" அந்த மனிசி அம்மையார்தான். வாசலில் நின்று சிரித்தார். எண்பது வயதுக்காரர் மூன்று வாரத்தில் மாறினார். சபை இரண்டு வருடத்தில் மாறவில்லை.

இம்மாதம் எட்டாம் திகதி, ஞாயிறு காலை, அம்மையார் கிணற்றடியில் விழுந்தார். கிணறு கொன்றது என்று நான் சொல்லமாட்டேன். வைத்தியர் இதயம் என்று எழுதியிருக்கிறார். விழுந்தபோது கையில் வாளி இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். ஓடிப்போய்த் தூக்கியவர் இலட்சுமி. வந்தவர்களில் ஒருவர் முதலில் கேட்டது, "இவள் கிணத்துக்கட்டிலை ஏறினவளோ?" அவரும் இந்த மேடையில் இருக்கிறார்.

தலைவர் கையைக் காட்டுகிறார். நேரமாம்! எனக்கு முன் பேசிய நால்வரும் ஒரு மணித்தியாலம் எடுத்தீர்கள். அன்னை என்றீர்கள், தியாகச்சுடர் என்றீர்கள். ஒருவர் வாயிலாவது கிணறு என்ற சொல் வந்ததா? நானும் எழுதவில்லை. மானியம் வந்த விழாவுக்கு மாலை போட்ட பன்னிரண்டு பேரின் பெயரையும் பத்திரிகையில் போட்டேன். இதைப் போடவில்லை. அது என் குற்றம். நாளை போடுகிறேன்.

அம்மையாரின் பணியைத் தொடர்வோம் என்று நால்வரும் உறுதி எடுத்தீர்கள். எந்தப் பணியை? கடைசி இரண்டு வருடமும் அவர் செய்த பணி, நீங்கள் மறித்த தண்ணீரை அள்ளியது. அதைத் தொடர வேண்டாம். அது தேவையில்லாமல் போகச் செய்யுங்கள். அவர் போய்ப் பன்னிரண்டு நாள். இன்று முற்பகல் பத்தரைவரை இரண்டு முதியவர்கள் நனைந்த பாயிலேயே கிடந்தார்கள். இலட்சுமி வாளியோடு நின்றார். குசினியிலிருந்து ஒருவரும் வரவில்லை. கண்ணால் கண்டேன்.

இனி முடிவாகாதவை. கிணற்றுக் கட்டளையை நீக்கும் பிரேரணையை யோகநாதனிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். அதை எடுப்பார்களா என்பது நாளை மறுநாள், ஞாயிறு காலை பத்து மணிச் சபைக் கூட்டத்தில் தெரியும். போன ஏழு பேரில் இரண்டு பேர், கட்டளை போனால் திங்கட்கிழமையே திரும்பி வருவதாகச் சொன்னார்கள். இலட்சுமியோடு மூன்று பேர் ஆகிவிடும். அவரிடமும் வேலியடியில் கேட்டேன்.

"ஞாயிறு மட்டும் பாப்பன், ஐயா. அம்மா இல்லாமல் அதுக்கு மேலை ஏலாது" என்றார்.

வவுனியா பஸ் ஞாயிறு பின்னேரம் நாலரைக்குச் சந்தியில் நிற்கும். அவர் அதில் ஏறுவாரா என்பதை, தலைவர் அவர்களே, பத்து மணிக்கு நீங்கள் சொல்லவேண்டும்.