கிட்டங்கிக்குக் கான்கிரீட் கூரை

தூத்துக்குடி பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு பேர். ஒருவர் காயல்பட்டினத்துக்காரர், வளைகுடாவில் ஒரு வெளிநாட்டு ராணுவ முகாமில் சமையல் வேலை பார்த்துத் திரும்பியவர். மற்றவர் மளிகைக்கடைக்காரர். அவர் மகன் அதே முகாமுக்குப் போகப்போகிறான். ஆத்தூர் தாண்டியதும் காதில் விழுந்த ஒரு பேச்சில் என் தூக்கம் போய்விட்டது.

“அங்கன உருளைக்கிழங்குகூட கப்பல்லதான் வரும் அண்ணாச்சி.”

“ஏன் பாய், பக்கத்துல சந்தை கிடையாதா?”

“கூப்பிடு தூரத்துல சந்தை. முகாம்காரன் வாங்க மாட்டான். வெளிய வாங்குனா அவன் நாட்டு டாலர் வெளிய போயிருமாம். கறி, முட்டை, தொடைக்கிற காயிதம் எல்லாம் அவன் ஊர்ச் சரக்கு. பட்டாளம் எந்த நாட்டுலயும் நிக்கலாம், டாலர் மட்டும் வாசலைத் தாண்டக்கூடாது.”

“அப்ப வெளிய எதுவுமே வாங்க மாட்டானா?”

“ஏன் வாங்காம? எங்களை வாங்குனாம்லா. அவன் ஊர் ஆளை வச்சா கட்டுபடியாகாது. நாங்க வீட்டுக்கு அனுப்புத டாலரும் சுத்திச் சுத்தி அவன்கிட்டயேதான் போவுது. நம்ம அரசாங்கம் அவன்கிட்டல்லா பீரங்கி வாங்குது.”

கடைக்காரர் சிரித்தார். பாய் சிரிக்கவில்லை.

“முகாம் மேல ஏவுகணை வந்தன்னைக்குப் பட்டாளம் பூராவும் பங்கருக்குள்ள போயிட்டு. சரக்குக் கிட்டங்கிக்குக் கான்கிரீட் கூரை. எங்களுக்குத் தகரக் கொட்டகை.”

“அநியாயம்லா பாய்!”

“அவனுக்குக் கணக்கு சரிதான். கிழங்கு போனா அவன் ஊர்லருந்து வரணும். ஆளு போனா இங்கன எடுத்துக்கிடலாம். மவனுக்கு எப்பம் பயணம், அண்ணாச்சி?”