வருஷத்துக்கு ஒரு ஃப்ரிட்ஜ்

இந்தக் காபியை நீங்கள் ஆந்தைக் கடையில் வாங்கியிருக்கிறீர்கள், மேடம். கோப்பையில் இருக்கும் ஆந்தையைப் பார்த்துச் சொல்லவில்லை, கண்ணை மூடிக்கொண்டு குடித்திருந்தாலும் சொல்லியிருப்பேன். அவர்கள் கொட்டையைக் கருக வறுத்துவிட்டு, கசப்பு தெரியாமலிருக்க நுரையை மலைபோல் ஏற்றிவிடுவார்கள். குறை சொல்வதாக நினைக்காதீர்கள். விசாரணைக்கு வந்தவளுக்கும் ஒரு வாய் காபி வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதே பெரிய விஷயம். இன்னும் பத்தடி நடந்திருந்தால் சிவப்பு மூடிக் கடை இருந்திருக்கும், அவ்வளவுதான்.

என் கணவர் எப்படிச் செத்தார் என்று கேட்டீர்கள். காபியிலிருந்து ஆரம்பித்தால்தான் அது சரியாக வரும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நான் ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலை. அங்கே நாங்கள் ஏழு பேர். நாலு பேர் ஆந்தைக் கட்சி, மூன்று பேர் சிவப்பு மூடிக் கட்சி. தேர்தல் நேரத்தில்கூட அவ்வளவு சண்டை வந்ததில்லை. நான் சிவப்பு மூடி. தினமும் காலை ஏழே முக்காலுக்கு அங்கே போய், பெரிய லாட்டே, டபுள் ஷாட், மேலே பட்டைத் தூள் என்று சொல்லிவிட்டு, ஜன்னலோரத்து ஒற்றை நாற்காலியில் கால் மணி நேரம் உட்காருவேன். எட்டு மணிக்கு மேல் சாயங்காலம் வரை என்னை யாராவது ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். வீட்டுக்குப் போனால் அங்கேயும் கேட்பார்கள். அந்தக் கால் மணி நேரம் மட்டும் யாரும் எதுவும் கேட்டதில்லை.

என் கணவருக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. எந்த வயதுக்காரர் இன்னும் எத்தனை வருடம் இருப்பார் என்று கணக்குப் போட்டு, அதற்கேற்றபடி பிரீமியம் சொல்ல வேண்டும். கெட்டிக்காரர். கஞ்சன் என்று நான் சொல்ல மாட்டேன், கணக்குப் பார்ப்பவர். ஆறு வருடங்களுக்கு முன்பு ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை விரித்து வைத்தார்.

"உன் காபிக்கு எவ்வளவு ஆகுதுன்னு தெரியுமா?"

"தெரியாம என்னங்க? தினமும் நான்தானே கொடுக்கிறேன்."

"ஒரு நாளைக்குத் தெரியும். வருஷத்துக்குத் தெரியுமா? நீ வருஷத்துக்கு ஒரு ஃப்ரிட்ஜ் குடிக்கிறே."

நான் சிரித்தேன். எந்த ஃப்ரிட்ஜ், ஒற்றைக் கதவா இரட்டைக் கதவா என்றுகூடக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"இப்படியே போனா, பத்து வருஷத்துல சொந்த வீட்டுக்கான முன்பணத்தையே குடிச்சு முடிச்சிருப்பே. அப்புறம் இந்த ஒழுகுற வீட்டுலயே இருக்க வேண்டியதுதான்."

எங்கே தொட்டால் வலிக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த வாடகை வீட்டில் மேல்மாடிக்காரர் குளித்தால் எங்கள் அடுப்பங்கரைக் கூரையிலிருந்து சொட்டும். சொந்த வீடு என்பது அவரைவிட எனக்குத்தான் ஆசை. மறுநாளே விட்டுவிட்டேன். ஒரு வாரம் தலைவலி மண்டையைப் பிளந்தது. அந்த வாசனை மூக்கில் படக்கூடாது என்று வேறு தெரு வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தேன். ஏழு நிமிடம் அதிகம். ஆறு வருடம் அப்படி நடந்தேன். அந்தத் தாளை அவர் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் படிப்பேன்.

அவர் காபி குடிக்க மாட்டார். அந்தக் கசப்பே தனக்குப் பிடிக்காது என்பார். காலையில் ஒரு டம்ளர் வெந்நீர். அதை விருது வாங்கியவர் மாதிரி பிடித்துக்கொண்டு குடிப்பார்.

இரண்டு வருடங்களுக்கு முன் அவருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடத் தொடங்கியது. பயப்பட வேண்டாம், தினமும் ஒரு மாத்திரை, ஒரு நாள்கூடத் தவறக்கூடாது என்றார் டாக்டர். நான் மருந்துக் கடைக்காரி, என் வீட்டில் தவறுமா? ஏழு அறைகள் உள்ள ஒரு பெட்டி வாங்கினேன். ஞாயிறு மாலை நிரப்பி வைப்பேன், காலையில் எடுத்து அவர் உள்ளங்கையில் வைப்பேன், வெந்நீரோடு விழுங்கிவிடுவார். என்ன நிறம், என்ன வடிவம் என்று அவர் பார்த்ததே இல்லை. கையில் வைத்தது நான் என்றால் போதும் அவருக்கு.

இனி குட்டு வெளிப்பட்ட நாளைச் சொல்கிறேன். அவர் குளித்துக்கொண்டிருந்தார். மேசையிலிருந்த அவர் கைபேசி மினுங்கியது. எடுத்துப் படித்தேன். "வாழ்த்துகள் கேப்டன்! இந்த ஆண்டின் இருநூறாவது கோப்பை உங்களுக்கு இலவசம்." மேலே குட்டியாக ஒரு சிவப்பு மூடி.

அது வேறு யாருக்கோ வந்தது, தவறி இங்கே வந்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் வீட்டில் யாரும் அவரைக் கேப்டன் என்று அழைத்ததில்லை. அவர் கப்பலை நேரில் பார்த்ததும் இல்லை.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, சிவப்பு மூடிக் கடைக்கு எதிர்வரிசையில் இருந்த ஜெராக்ஸ் கடையில் நின்றேன். எட்டரைக்கு வந்தார். நீங்களும் இப்போது வேறொரு பெண்ணைத்தான் எதிர்பார்க்கிறீர்கள் என்று தெரிகிறது, மேடம். நானும் எதிர்பார்த்தேன். ஒருத்தி இருந்திருந்தால் எனக்கு என்ன செய்வது என்று தெரிந்திருக்கும். சத்தம் போட்டிருப்பேன், அவருடைய அக்காவைக் கூப்பிட்டிருப்பேன், நாலு நாள் அழுதிருப்பேன். அவர் தனியாக இருந்தார். ஜன்னலோரத்து ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் வாயைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அப்படிக் கண்ணை மூடுவது என் பழக்கம்.

அவர் போன பிறகு உள்ளே போய்க் கல்லாவில் நின்ற பெண்ணிடம், இப்போது போனாரே, அவர் என்ன குடித்தார் என்று கேட்டேன்.

"கேப்டன் சாரா? பேர் கேட்டா அப்படித்தான் சொல்வார். எப்பவும் குடிக்கிறதுதான் அக்கா. பெரிய லாட்டே, டபுள் ஷாட், மேலே பட்டைத் தூள். நான் இங்க சேர்ந்து நாலு வருஷம் ஆச்சு, ஒரு நாள்கூட மாத்தினதில்ல."

நான் ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தேன். ஆறு வருடம் என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார். பணம் போனது பெரிதில்லை. என் கையிலிருந்து பிடுங்கியதை அவர் குடித்துக்கொண்டிருந்தார். என் காபி, என் நாற்காலி, என் கால் மணி நேரம். அன்றைக்கு எனக்கு அழுகைகூட வரவில்லை.

வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த தாளை எடுத்தேன். அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அவருடைய மாத்திரையின் விலையை எழுதினேன். ஒரு மாத்திரை, ஒரு லாட்டேயைவிடக் கொஞ்சம்தான் மலிவு. ஒரு நாளைக்குப் பார்த்தால் ஒன்றுமில்லை. வருடத்துக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரு ஃப்ரிட்ஜ்.

எங்கள் கடையில் அதே அளவில், அதே வெள்ளையில் ஒரு வைட்டமின் மாத்திரை இருக்கிறது. மிகவும் மலிவு. உடம்புக்கு ஒரு கெடுதலும் செய்யாது. இதை எழுதிக்கொள்ளுங்கள், மேடம். நான் அவருக்கு விஷம் கொடுக்கவில்லை, கெடுதலான எதையும் கொடுக்கவில்லை. ஒரு செலவை நிறுத்தினேன். அவர் என்னிடம் நிறுத்தச் சொன்ன மாதிரிதான்.

ஆனால் நான் நியாயமாகவும் நடந்துகொண்டேன். பழைய மாத்திரையில் பிரிக்காத அட்டை ஒன்று மீதி இருந்தது. அதை எப்போதும் கைப்பையில் வைத்திருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் பெட்டியை நிரப்பும் முன் அவரிடம் கேட்பேன்.

"என்னங்க, இன்னிக்கு ஒரு நாள் வெளியில போய்க் காபி குடிச்சிட்டு வரலாமா?"

அவர் வாயிலிருந்து உண்மை ஒரே ஒரு தடவை வந்தால் போதும், அட்டையைப் பிரித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஒரு தடவைதான். அதைவிடக் குறைவாக ஒரு மனைவி கேட்க முடியாது.

"அந்தக் கசப்புத் தண்ணிக்கு அவ்வளவு காசா? இத்தனை வருஷம் இருந்துட்டே, இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ" என்பார். கண்ணைச் சிமிட்டக்கூட மாட்டார். நானும் போய்ப் பெட்டியை நிரப்புவேன்.

மூன்றாவது வாரம் மாடிப்படி ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. நான் அவர் பையை வாங்கிக்கொண்டேன். ஐந்தாவது வாரம் நடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். டாக்டரிடம் அழைத்துப் போனதும் நான்தான்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறாரா?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

"ஒரு நாள்கூடத் தவறினதில்ல டாக்டர்."

என் கணவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "இவ இருக்கிறப்போ எப்படி டாக்டர் தவறும்?"

டாக்டர் மாத்திரையை நாளுக்கு இரண்டாக்கினார். அன்றிலிருந்து நானும் அறைக்கு இரண்டு போட்டேன்.

ஆறாவது ஞாயிறு, ஏழாவது ஞாயிறு, எட்டாவது ஞாயிறு. ஒவ்வொன்றிலும் கேட்டேன், அவர் ஒவ்வொன்றிலும் அதே பதிலைச் சொன்னார். இதற்குமேல் ஒரு மனிதருக்கு எத்தனை சந்தர்ப்பம் கொடுப்பது?

போன வியாழக்கிழமை நடந்தது உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. காலை ஏழு ஐம்பதுக்குச் சிவப்பு மூடிக் கடையில் விழுந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. அந்தக் காபிதான் தம்பியைக் கொன்றுவிட்டது என்று அவருடைய அக்கா மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். நான் மறுத்துப் பேசவில்லை. பெட்டியில் மீதியிருந்த மூன்று அறைகளில் இருந்ததை நீங்கள் பரிசோதனைக்கு அனுப்பியதாகச் சொன்னீர்கள். என்னிடமே கேட்டிருக்கலாம், அந்தச் செலவு மிச்சமாகியிருக்கும்.

நீங்கள் ஒன்றைக் கேட்க நினைக்கிறீர்கள், தெரிகிறது. அந்தக் கடையில் நானும் இருந்தேனே, அது எப்படி என்று. ஒன்பதாவது ஞாயிறை நான் இன்னும் சொல்லவில்லை.

அன்றைக்கும் வழக்கம்போல் கேட்டேன். அவர் எழுந்துவிட்டார். "வா, போகலாம்" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கினார். சிவப்பு மூடிக் கடைக்குத்தான் கூட்டிப் போனார். கல்லாவில் நின்ற பெண், "கேப்டன் சார், எப்பவும் குடிக்கிறதா?" என்று கேட்டதும் அவர் முகம் தொங்கிவிட்டது. "ரெண்டு கொடும்மா" என்றார். பிறகு என் எதிரில் உட்கார்ந்து அழுதார். ஐம்பது வயது ஆண்பிள்ளை, அத்தனை பேர் பார்க்க.

"நீ காபிய விட்ட அடுத்த வாரம் சும்மா வந்தேன்மா. அப்படி என்னத்தக் கண்டா இவ இதுலன்னு பார்க்கத்தான் வந்தேன். அப்புறம் என்னால விட முடியல. உன்கிட்ட சொல்லவும் முடியல. நான் பண்ணினது துரோகம்தான். இனிமே தினமும் காலையில சேர்ந்தே வருவோம். அந்த நாற்காலி உன்னோடது."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "போனது போகட்டும், விடுங்க" என்றேன். சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னேன். காபி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆறு வருடமாக நான் நினைத்துக்கொண்டிருந்த அளவுக்கு இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சாயங்காலம் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்தப் பக்கம் வைட்டமின், அந்தப் பக்கம் பழைய அட்டை. கூடத்திலிருந்து அவர், "இன்னிக்குத்தான்மா மனசு லேசா இருக்கு" என்றார். அவர் மனசு லேசாகிவிட்டது. ஒரே நாளில், ஒரு காபி விலையில். நான் அறைக்கு இரண்டாக, ஏழு அறைகளிலும் வைட்டமினைப் போட்டு மூடினேன்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அவர் கையில் மாத்திரையை வைத்துவிட்டு, சேர்ந்தே போய்க் காபி குடித்தோம். நான் ஜன்னலோரத்தில் உட்காருவேன், அவர் போய் இரண்டு கோப்பையும் வாங்கி வருவார். வியாழக்கிழமையும் அப்படித்தான் வந்தார். என் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுத்தான் விழுந்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

ஆமாம், மேடம், நான்தான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்த அட்டை இன்னும் என் கைப்பையில் பிரிக்காமல் இருக்கிறது, காலாவதியாக இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. இல்லாதவர்கள் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். ஒரு பொருளை வீணாக்க எனக்கு மனசு வராது.