படங்குக்கு அடியில் ஒரு ‘ம்’

இரவு பன்னிரண்டரை. வேல்ஸ் பக்கமிருந்து லண்டனுக்கு வரும் பெருவீதி. முன்னாலும் வெளிச்சம் இல்லை, பின்னாலும் இல்லை... உள்ளே கட்டில் போட்ட ஒரு பழைய கேம்பர் வான் மட்டும், ஐம்பது மைல் வேகத்துக்கு மேல் ஏலாது என்று முனகிக்கொண்டு வருகிறது. தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, ஓகஸ்ட் மாதம்.

மெழுகுதிரியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கரண்ட் மீற்றரில் போட்ட காசு முடிந்து லைற் அணைந்ததும் ஒரு விதத்தில் நல்லதுதான். விடிந்து கடை திறக்கும்வரை ரீவியும் இல்லை, வேறு வேலையும் இல்லை. ஆனால் பிறகு நித்திரை வரவில்லை என்று குறை சொல்லக்கூடாது. நம் பிள்ளைகளோடு படிக்கிற ராஜி இருக்கிறாளே... அவளுடைய தகப்பன் குகதாசனுக்கு நடந்தது இது.

குகதாசனுக்கு லண்டனில் மிச்சம் என்கிற இடத்தில் வீடு. இரவில் பெற்றோல் ஷெட்டில் காசு வாங்கக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பார். சனி ஞாயிறில் தில்லையம்பலம் என்கிறவருக்கு வண்டி ஓடுவார். தில்லையம்பலம் இந்தக் கேம்பர் வானையும், அதற்குப் பின்னால் கொழுவும் ட்ரெயிலரில் இரண்டு குவாட் பைக்கையும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். நாலு சில்லு வைத்து மணலிலும் சேற்றிலும் ஓடுகிற மோட்டார் சைக்கிள்கள் அவை. கடற்கரைக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டும். சனம் ஓடிக் களைத்த பிறகு ஏற்றி, பட்டி இறுக்கி, மேலே தார்ப்பாய்ப் படங்கு போர்த்தித் திருப்பிக் கொண்டுவர வேண்டும். இரவோடிரவாக, ஏனென்றால் திங்கள் விடிய வேறு ஆட்கள் வந்து நிற்பார்கள்.

அந்த முறை மனைவி சந்திரவதனாவும் ஆறு வயது ராஜியும் கூட வந்திருந்தார்கள். இருவரும் கொழும்பிலிருந்து வந்து மூன்று மாதம்தான். குகதாசன் நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது ராஜி வயிற்றில். ஆறு வருடம் பிரிந்திருந்த புருசன் பெண்சாதி, கடற்கரையில் வைத்தாவது மனம்விட்டுப் பேசலாம் என்று நினைத்தார் மனுசன். எங்கே... சனி முழுக்க சனத்துக்கு பைக் ஓடக் காட்டியதிலும், ஞாயிறு முழுக்கச் சேறு கழுவியதிலும் நேரம் போய்விட்டது.

பேச வேண்டியது ஒன்று இருந்தது. சந்திரவதனாவின் தம்பி சிவானந்தன். குகதாசனோடு சேர்ந்து வெளிக்கிட்டவன், பதினெட்டு வயது. குகதாசன் லண்டன் வந்து சேர்ந்தார். அவன் வந்து சேரவில்லை. “அவனை வேற லொறியில ஏத்தினவங்கள். ஜெர்மனியில எங்கயாவது நிப்பான்” என்று கடிதத்தில் எழுதினவர், நேரில் பார்த்த பிறகும் அதையே சொன்னார். அவள் அதை நம்பி, தம்பிக்கு என்று ஒரு நீல ஸ்வெற்றர் பின்னி வைத்திருந்தாள்.

வண்டி ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் இருப்பவர் நித்திரை கொள்ளக்கூடாது என்பது நம் சனத்தின் சட்டம். சந்திரவதனாவும் முன்னால் இருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டுதான் வந்தாள். செவேர்ன் பாலத்தைத் தாண்டும்போது பின்கட்டிலில் ராஜி அழத் தொடங்கினாள்.

“நான் பிள்ளைக்குப் பக்கத்தில சரியிறன். நீங்கள் கதையுங்கோ, நான் ‘ம்’ கொட்டுறன்” என்று எழுந்து போனாள்.

“நித்திரையாப் போயிடாதையும்” என்றார் குகதாசன். வெள்ளி இரவு ஷிப்டுக்குப் பிறகு அவர் ஒழுங்காகக் கண் மூடவில்லை. இமை இரண்டும் கல்லாய்க் கனத்தது.

கதைக்கத் தொடங்கினார். பெற்றோல் ஷெட்டுக்குக் குடித்துவிட்டு வரும் வெறிகாரர்கள்... முதல் வருடம் இருந்த அறை... ஒரு கட்டிலை ஆறு பேர் முறை வைத்துப் படுத்தது...

“ம்...”

பின்னாலிருந்து. மெல்ல, உதடு திறக்காமல். சரியான இடத்தில் விழுந்தது. குகதாசனுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. ஆறு வருடமாக அவர் சொன்ன எதற்கும் ‘ம்’ சொல்ல ஓர் ஆள் இருந்ததில்லை. சந்தோசத்தில் நித்திரையும் கொஞ்சம் கலைந்தது.

ரெடிங் வரும் முன்னம் ட்ரெயிலரில் சத்தம். டொக்... டொக்... ஏதோ பட்டி தளர்ந்துவிட்டது. வண்டிகள் நின்று இளைப்பாறிப் போகிற வழிச் சேர்விஸ் ஒன்றில், வெளிச்சம் எட்டாத மூலையில் நிறுத்திவிட்டு இறங்கினார். வானின் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். பின்னுக்குப் போய்ப் பட்டியைப் பிடித்து இழுத்தார்.

“அந்த லொறியிலயும் இப்பிடித்தான் ஒண்டு ஆடிக்கொண்டு வந்தது...” வாய் தவறித் தனக்குள் சொன்னார். அந்த லொறியைப் பற்றி அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை.

“ம்...”

படங்குக்கு அடியிலிருந்து.

குகதாசன் அசையவில்லை. திரும்பி வானைப் பார்த்தார். கதவு சாத்தியபடி, திரைச்சீலை இழுத்தபடி. படங்கின் ஒரு மூலையைத் தூக்கினார். இரண்டு பைக். வேறொன்றும் இல்லை. ஆனால் மணம்... கடல்மணலும் பெற்றோலும் மணக்க வேண்டிய இடத்தில் வெங்காயம் மணத்தது. மூட்டை மூட்டையாய் அடுக்கி, காற்றுப் புகாமல் பூட்டி வைத்த வெங்காயம். பட்டியின் இரும்புக் கொளுக்கியில் விரல் ஒட்டிக்கொண்டது. இழுத்து எடுத்துப் பார்த்தார். ஓகஸ்ட் மாதம்... அதில் வெள்ளையாக உறைபனி.

அங்கேயே நின்று விடியும்வரை படுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்த இடத்தில் யாருக்குப் படுக்க மனம் வரும்? ஏறினார். எடுத்தார். இனி ஒரு சொல்லும் பேசுவதில்லை என்று வாயை இறுக்கிக்கொண்டார்.

பேசாமல் விட்டால் நித்திரை வருகிறது.

டறறற... மேடுமேடாய்ப் போட்ட வீதியோரக் கோட்டில் சில்லு ஏறிய சத்தத்தில் விழித்தார். வண்டியை உள்ளுக்கு எடுத்தார். தன் கன்னத்தில் தானே அறைந்தார். கண்ணாடியை இறக்கினார். கொஞ்ச தூரம். டறறற... இந்த முறை ட்ரெயிலர் ஒரு பக்கம் இழுத்து, பின்னால் ராஜி நித்திரையில் முனகினாள். மனுசியும் பிள்ளையும் பின்னால். தான் செத்தால் பரவாயில்லை...

மூன்றாம் முறை தலை சரியும்போது, காதோடு கேட்டது.

“ம்...?”

பக்கத்து ஆசனம். வெறுமை. ‘பிறகு?’ என்று கேட்கிற ‘ம்’. வெங்காய மணம் மூக்கில் ஏறியது.

அவர் சொல்லத் தொடங்கினார். வேறு வழியில்லை, சொன்னால்தான் விழிப்பு.

காசு வாங்கிக் களவாக எல்லை கடத்துகிற ஏஜென்சிக்காரன் தங்களை வெங்காய லொறிக்குள் விட்டுப் பூட்டியதைச் சொன்னார். “ம்...” ஜனவரி மாதம், வெளியே பனி. “ம்...” நித்திரை கொண்டால் குளிர் கொண்டுபோய்விடும் என்று பயந்து, இருவரும் மாறி மாறிக் கதை சொன்னது... ஒருவர் சொல்ல மற்றவர் ‘ம்’ கொட்டுவது என்று பேசிவைத்தது... “ம்...” குரல் பக்கத்திலேயே வந்தது. பெருவீதியை விட்டிறங்கி, பேர்லி தாண்டி, குறொய்டன் வீதியில் திரும்பும்வரை ஒன்றுகூடத் தவறவில்லை. குகதாசனின் கண்ணிலிருந்து நீர் ஓடிக்கொண்டிருந்தது. கண் மூடவில்லை.

மிச்சம் கொமன் என்கிற வெட்டவெளி. இரண்டு பக்கமும் பற்றை, இருட்டு. வீட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான்.

“கடைசியில என்ர முறை. நான் சொல்லிக்கொண்டு வாறன்... நீ ‘ம்’ எண்டேல்லை. களைச்சுப் போனான், பாவம், கொஞ்சம் நித்திரை கொள்ளட்டும் எண்டு... விட்டிட்டன். எழுப்பேல்லை, சிவா.”

காத்திருந்தார். எஞ்சின் சத்தம் மட்டும். ‘ம்’ வரவில்லை.

வீட்டு வாசலில் நிறுத்தி எஞ்சினை அணைத்தார். ஸ்ரியறிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். அப்போது பின்னால், இருட்டுக்குள்ளிருந்து சந்திரவதனாவின் குரல்.

“நான் நித்திரை கொள்ளேல்லையப்பா. பாலத்தடியில இருந்து முழிச்சுத்தான் கிடந்தன்.”

குகதாசனுக்கு உயிர் திரும்பி வந்தது. “அப்ப நீர்தானே... ‘ம்’ கொட்டினது?”

“நான் ஒரு ‘ம்’ கூடச் சொல்லேல்லை. சொல்லுவம் எண்டு வாயெடுக்க முதல் அவன் சொல்லிப்போட்டான். எனக்குத் தம்பியின்ர குரல் தெரியாதே? நான் வாய் திறந்தா நிப்பாட்டிப்போடுவானெண்டு பயந்து, வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தன்.”

பிறகு அவள் கேட்டாள்.

“நீங்கள் அவனை நித்திரை கொள்ள விட்டிட்டீங்கள்... அவன் உங்களை விடேல்லை, பாத்தீங்களே?”

அதற்கு அவர் என்ன சொன்னார் என்று தெரியாது. அடுத்த கிழமையே தில்லையம்பலத்திடம் வேலையை விட்டார். வானையும் ட்ரெயிலரையும் தில்லையம்பலம் விற்றுவிட்டார். அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

போன மாதம் ராஜி இங்கே வந்திருந்தாள். பன்னிரண்டு வயது, இப்போது வீட்டு வேலை பாதி அவள் கையில்தான். அப்பா ஏன் இவ்வளவு மெலிந்துவிட்டார் என்று கேட்டதற்குச் சொன்னாள். அம்மா அவரை நித்திரை கொள்ள விடுவதில்லையாம். லைற்றை அணைத்ததும், முதலிலிருந்து சொல்லச் சொல்கிறாளாம், அந்த லொறிக் கதையை. ஒவ்வொரு இரவும். அவர் சொல்லிக்கொண்டே இருப்பாராம். அம்மா ‘ம்’ சொல்வதில்லையாம். கதிரையில் அந்த நீல ஸ்வெற்றரை விரித்து வைத்துவிட்டு, பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பாளாம்.

பிறகு அவள், பிஸ்கற்றைக் கடித்தபடி, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

“ஸ்வெற்றரை நான்தான் தோய்க்கிறன், ஆன்ரி. ஒருத்தரும் போடுறேல்லை. எண்டாலும் விடிய எடுத்தா ஈரம்... வெங்காயம் மணக்குது.”