வேகம் கூட்டின கதை

…மெதுவான்னா, எப்படி மெதுவுங்கறீங்க தம்பி? காலையில பட்டனை அமுக்கிட்டு, பல்லு வெளக்கி, குளிச்சு, சட்டைக்கு இஸ்திரி போட்டுட்டு வந்து பாத்தா, அப்பதான் ‘நல்வரவு’ன்னு போட்டுக்கிட்டு நிக்கும். சொந்த வீட்டுக்காரனை வரவேற்கறதுக்கே அவ்வளவு யோசன! உக்காருங்க, உக்காந்து பிரிச்சுப் பாருங்க. கம்ப்யூட்டர் ரிப்பேருல உங்களை மிஞ்ச ஆளில்லன்னு பக்கத்து வீட்டுக்காரரு சொன்னாரு. அவரு யாரையும் லேசுல புகழ மாட்டாரு. என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா? சரி, விடுங்க.

எனக்குன்னா பரவால்ல தம்பி. வீட்டுக்காரம்மாவுக்குத்தான். வெளியூருப் புள்ளைங்களுக்கு இதுலதான் கணக்கு சொல்லிக்குடுக்கறா. ‘ஏழெட்டு எவ்வளவு?’ம்பா. இது சுத்திக்கிட்டே நிக்கும். சரி போகட்டும்னு ‘ஆறொம்பது?’ம்பா. அப்பதான் பழைய பதிலு வந்து விழும், ‘அம்பத்தாறு!’ன்னு. ‘தப்பு’ம்பா இவ. அந்தப் புள்ள ஓன்னு அழும். சரியாச் சொன்ன புள்ளைய அழவெச்சா பெத்தவங்க விடுவாங்களா? ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க. இப்ப மிச்சம் ஒரே ஒரு வகுப்பு. இன்னிக்கும் இது மக்கர் பண்ணா, பாடத்தையே விட்டுடறேன்னுட்டா. சொல்லும்போது அவ குரலே சரியில்ல. 

என்னது… நான் ஒண்ணுமே பண்ணலயான்னா கேக்கறீங்க? நல்லாக் கேட்டீங்க! நான் பாக்காத வைத்தியமா? மெதுவாப் போகுதேன்னு ‘மின்னல்’னு ஒரு புரோகிராம் ஏத்தினேன். வேகத்தக் கூட்டுமாம். இன்னும் மெதுவாச்சு. சரி, மின்னலுக்கே தெம்பு பத்தல போலன்னு ‘புயல்’ ஏத்தினேன். அப்புறம் குப்பை கூட்ட ஒண்ணு, அது ஒழுங்காக் கூட்டுதான்னு கண்காணிக்க ஒண்ணு… எல்லாம் இலவசந்தான். இவ்வளவு பேரு சேந்து தள்ளியும் நகரலன்னா, கோளாறு மெஷின்லதான?

ஏன் தம்பி அப்படிப் பாக்கறீங்க? …அவங்கதான் அடைச்சுக்கிட்டு நிக்கறாங்களா? எல்லாருமா? பட்டனை அமுக்கினதும் நான் முந்தி நீ முந்தின்னு… ம்ம். சரி, எடுத்துடுங்க. புயலை மட்டும் விட்டு… சரி சரி, அதையும் எடுங்க! மெல்லப் பேசுங்க, அவ அடுப்படியிலதான் நிக்கறா. அவகிட்ட கரண்டு மேல பழியப் போட்டு வெச்சிருக்கேன்.

அட! அமுக்கினதும் தெறக்குதே! உங்க கைக்குத் தங்கக் காப்புதான் போடணும் தம்பி! ஏம்மா, சரியாயிடுச்சு, வா, வகுப்புக்கு நேரமாச்சு! …கேட்டீங்களா? ‘வர்றேங்க’ங்கறா. அந்த ‘ங்க’வைக் கேட்டே ரொம்ப நாளாச்சு. நெஞ்சு குளுந்துபோச்சு எனக்கு.

நீங்க பையைக் கட்டுங்க. நான் சும்மா… இதென்ன மூலையில? ‘உங்கள் கணினி இதைவிட வேகமாக இயங்கலாம்’ங்குது. இதைவிடவா! அட, ஒரு அமுக்குதான…

இல்ல தம்பி, லேசாத்தான் தொட்டேன். என்னமோ நீலமா வருது. ‘நிறுவப்படுகிறது. அணைக்க வேண்டாம்.’ ஒரு சதவீதமாம். …இன்னும் ஒரு சதவீதந்தான். தம்பி, செருப்ப மாட்டாதீங்க. தம்பி! வாசக்கதவுகிட்ட போயிட்டீங்களே, தம்பீ…!

வா… வாம்மா. ஒண்ணுமில்ல, அந்தத் தம்பிதான் போறப்ப என்னத்தையோ அமுக்கிட்டு ஓடிட்டாரு. இதோ வந்துடும்.

மவுசுல இருக்கற என் கையையே ஏம்மா பாக்கற?