நாற்பது பக்கம்

பாலில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருந்தால்தான் என் மூத்த மகளுக்குப் பிடிக்கும். அதனால் மாலையில் அவளுக்குப் பால் கலக்கும் வேலையை மனைவியிடம் விடாமல் நானே வைத்துக்கொண்டேன். பாசம் என்றுதான் மனைவி நினைத்தாள். பாசம்தான் ஐயா, இல்லை என்று யார் சொன்னது.

வரலாற்று வகுப்பிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னீர்கள். அது சிறப்பு வகுப்பு. கல்லூரிப் பாடத்தைப் பள்ளியிலேயே நடத்துவார்கள். எல்லோருக்கும் இடம் கிடைக்காது. மகளுக்குக் கிடைத்த அன்று என் மருந்துக் கடைக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லித் தீர்த்தேன். நான் அந்தப் பாடத்தில் தோற்றவன். வகுப்பில் எனக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். வாத்தியார் வைத்தது, பள்ளி முடியும்வரை போகவில்லை. அந்தப் பெயர் என் வீட்டில் இன்னொருவருக்கு ஒட்டக் கூடாது என்று நினைத்தேன். தப்பா? சொல்லுங்கள்.

பெற்றோர் கூட்டத்தில் ஓர் அம்மா, "வேலை எவ்வளவு சார் இருக்கும்?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்துக் கடையிலிருந்து போன். வாசலுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தேன். "நாற்பது பக்கம். படிச்சு, குறிப்பெடுத்து, ஒரு கட்டுரையும் எழுதணும். தூங்கி வழியறவங்களுக்கு இது சரிப்படாது" என்று ஆசிரியர் முடித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"வாரத்துக்குத்தான்ப்பா நாற்பது" என்றாள் மகள். பிள்ளைகள் வேலையைக் குறைத்துச் சொல்வது புதிதா என்ன. தினம் நாற்பது பக்கம் முடிக்காமல் மேஜையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்றேன். எதிர்த்துப் பேச மாட்டாள். ஆனால் பாதியில் கண் சொருகிவிடும், தலை புத்தகத்தின் மேல் சாய்ந்துவிடும். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தூக்கத்தை விரட்டும் மாத்திரை கடையில் இருந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் அதை யாருக்கும் கொடுத்ததில்லை. அந்த விஷயத்தில் நான் கறார். இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து அழுத்தினால் மாவாகிவிடும்.

"பால் கசக்குதுப்பா."

"சர்க்கரை பத்தலையோ என்னவோ. இரும்மா, போட்டுத் தரேன்."

அப்புறம் அவள் தலை சாயவில்லை. "இப்பல்லாம் எனக்குத் தூக்கமே வரதில்லப்பா. நான் மாறிட்டேன்ல?" என்று கேட்டாள். எவ்வளவு பெருமை அந்த முகத்தில். ஆமாம் என்றேன். கை நடுங்குகிறது என்றாள், நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்றாள். பரீட்சை பயம் என்று சமாதானம் சொன்னேன். பரீட்சை நெருங்கியதால் ஒரு மாத்திரையை இரண்டாக்கினேன்.

போன வாரம் வகுப்பில் பதில் சொல்ல எழுந்தவள் அப்படியே சரிந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே மூச்சு இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆசிரியர் அழுதார். "வாரத்துக்கு நாற்பது பக்கம்தாங்க கொடுத்தேன். இவ மட்டும் எப்பவும் பல பாடம் முன்னாடியே இருப்பா. ஆர்வம்னு நெனச்சேன்." மகள் பொய் சொல்லவில்லை என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. எங்கள் தொழிலில் எண்ணைச் சொன்னால் அது ஒரு நாளைக்கு என்றுதான் கணக்கு. வாரத்துக்கு ஒன்று என்று எழுதிய மாத்திரையைத் தினமும் விழுங்கிவிட்டு வந்து நிற்பவர்கள் உண்டு. "சொல்றதைக் காதுலயே வாங்க மாட்டீங்களா?" என்று அவர்களைக் கடைவாசலிலேயே திட்டியிருக்கிறேன்.

பாலில் கலந்தது நான்தான். மனைவிக்கு எதுவும் தெரியாது. ஆனால் ஆசிரியர் அந்த ஒரு வார்த்தையை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

விசாரணையைச் சீக்கிரம் முடித்தால் நல்லது. அடுத்த வருஷம் சின்னவள் அந்த வகுப்புக்குப் போகிறாள். வாரத்துக்கு நாற்பது பக்கம்தான் என்றால் அவளுக்குப் பாதி மாத்திரையே போதும்.